சிவப்புக் கோட்டுக்குள் இருந்தது

திருமயம்
17.2.1963

அன்பு மகன் அழகுமலைக்கு அப்பா பெரியகருப்பன் தன் கையாலேயே எழுதுவது. இங்கே நானும் உன் ஆத்தாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ பம்பாயில் சுகமாக இருக்கிறாய் என்று இத்தனை வருசமும் என் அண்ணன் மகன் நாகராசு படிக்கக் கேட்டு நம்பியிருந்தேன், இனிமேல் அந்தச் சொல்லை உன் கையெழுத்தில் என் கண்ணால் பார்க்க வேண்டும். எழுத்து கோணலாக இருக்கிறதே, யார் எழுதியது என்று மலைக்காதே. நான்தான். ஆவணி மாதத்திலிருந்து பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் ஞானமணி டீச்சர் பெரியவர்களுக்குப் பாடம் சொல்லித் தருகிறார்கள். கல் குவாரியிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டு நேரே அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். முதலில் என் பேரை எழுதினேன், அப்புறம் உன் பேரை எழுதினேன், அன்றைக்குச் சந்தோசத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. உளி பிடித்த கைக்குப் பேனா கனமே இல்லை, கொஞ்சம் அழுத்தினால் தாள் கிழிகிறது. இந்தக் கடிதத்தை ஐந்து நாளாக எழுதுகிறேன்.

அறுபத்து மூன்று வயதில் எதற்குப் படிக்கப் போனேன் என்று கேட்பாய். நீ நாலு பக்கமும் நெருக்கி எழுதுகிறாய், நாகராசு அதைப் படிப்பது நான் ஒரு தரம் வெற்றிலை மெல்லுவதற்குள் முடிந்துவிடுகிறது. நடுவில் ஓர் இடத்தில் நாகராசு இருமுவான், தண்ணீர் கேட்பான், குடித்துவிட்டுப் பார்த்தால் அவன் விரல் தாளில் கீழே போயிருக்கும். ஒரு தரம் என்றால் சரி, கடைசியாக வந்த மூன்று கடிதத்திலும் அவனுக்கு இருமல் வந்தது. எனக்கு எழுத்துத்தான் தெரியாது, அளவு தெரியும். அந்த மூன்றிலும் ஓரத்தில் நீ சிவப்பு மையில் கோடு இழுத்திருந்தாய். கல்லில் காவிக் கோடு போட்டு வளர்ந்த பிள்ளை, பழக்கம் போகவில்லை என்று பூரித்துப்போய் அந்தக் கோட்டை டீக்கடையில் நாலு பேரிடம் காட்டினேன். கல்லில் காவிக் கோடு எதற்குப் போடுகிறோம், அந்த இடத்தில் வெட்டத்தான் போடுகிறோம், அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்து தை மாதம் வந்த உன் கடிதத்தை எடுத்து எழுத்துக் கூட்டினேன். நியூட்ரான் என்ற ஒரு சொல்லுக்கே வெகு நேரம் ஆனது. அது அணுவுக்குள் இருக்கும் பொடித் துகளாம், அணு உலையிலிருந்து துளை வழியாக வருகிறது, முன்னால் இரும்புத் துண்டை வைத்து மறுபக்கம் எத்தனை வந்து சேர்ந்தது என்று எண்ணுகிறீர்கள், வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் திடீரென்று தடையில்லாமல் நிறைய வந்துவிடுகிறது, அந்தக் கட்டத்தை வைத்து இரும்புக்குள் அணுக்கள் எத்தனை இடைவெளியில் அடுக்காக நிற்கின்றன என்று கண்டுபிடிக்கிறீர்கள். இதை நாகராசு படித்திருக்கிறான், அப்போதே எனக்குப் பிடித்தது. கல்லும் ஒரு பக்கம் உளி வைத்தால் பலகையாகப் பிளக்கிறது, இன்னொரு பக்கம் வைத்தால் நொறுங்குகிறது, உள்ளே ஏதோ அடுக்கு இருக்கத்தான் வேண்டும். அதற்குக் கீழேதான் சிவப்புக் கோடு. கோட்டுக்குள் முதல் வரி, நாகராசு அண்ணே, இந்த இடத்தை அப்பாவிடம் படிக்க வேண்டாம் என்று இருந்தது.

தம்பி, நான் முதன்முதலாகச் சொந்தமாகப் படித்த ரகசியம் அதுதான். கோடு முடியும் வரை விரல் வைத்துக் கூட்டினேன், மற்ற இரண்டு கடிதம் இன்னும் பாக்கி. துண்டு கொஞ்சம் கோணி இருந்ததென்று அவசரத்தில் துளை மூடியிருக்கிறதா என்று பார்க்காமல் நீயே கையை நீட்டிச் சரிசெய்தாய், உடம்பில் கதிர் எவ்வளவு பட்டது என்று காட்டச் சட்டையில் குத்தும் பிலிம் அட்டை அந்த மாதம் அளவுக்கு மேல் கறுத்துவிட்டது, மூன்று மாதம் உலைக் கூடத்துக்குள் வரக் கூடாது என்று நிறுத்திவைத்திருக்கிறார்கள், ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். ஈயத்தைத் தாண்டிப் போகிற நியூட்ரான் மெழுகிலும் தண்ணீரிலும் நின்றுபோகும் என்றும் எழுதியிருந்தாய். மனுசன் உடம்பில் எவ்வளவு தண்ணீர் என்று டீச்சரைக் கேட்டேன். பாதிக்கு மேல் என்றார்கள். இரும்பு அதை விட்டுவிடுகிறது, என் பிள்ளை உடம்பு பிடித்து வைத்துக்கொள்கிறதா?

நாகராசை வீட்டு வாசலில் வைத்துக் கேட்டேன். சித்தப்பா, எழுதுனவன் சொன்னபடி செஞ்சேன், படிச்சிருந்தா நீங்க அன்னைக்கே ரயிலேறியிருப்பீக, நானும் துணைக்கு வரணும் என்றான். உன் ஆத்தாவிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன். எழுத்துப் படிச்சு என்னத்தக் கண்டீக, இருந்த தூக்கமும் போச்சு என்று அழுதாள், பிறகு வேலையை விட்டுவிட்டு வரச்சொல்லி எழுதுங்க என்றாள். அவள் சொன்னதை எழுதிவிட்டேன்.

நான் அப்படிச் சொல்லமாட்டேன். நாற்பது வருசம் வெடி வைத்துப் பிழைத்தவன் நான். ஆனால் குவாரியில் திரி பற்றவைக்கிறவன் முதலில் எல்லாரும் விலகும்படி மூன்று தரம் கூவ வேண்டும், கூவாமல் பற்றவைத்தவனோடு மறுநாள் ஒருவனும் வேலைக்குப் போகமாட்டான், உனக்கே தெரியும். நீ கூவியிருக்கிறாய், என் காதை மட்டும் பொத்திவிட்டாய். அப்பன் பயந்துவிடுவான் என்று நினைத்திருப்பாய். பயந்துதான் போனேன், இப்போதும் பயம்தான், ஆனாலும் தெரியாமல் டீக்கடையில் சிரித்துக்கொண்டிருந்ததை நினைத்தால் அதைவிட வலிக்கிறது. துண்டு கோணியிருந்தால் கோணியே இருக்கட்டும், துளையை மூடிவிட்டுப் போ. ரத்தப் பரிசோதனையில் வந்த எண்ணை அப்படியே எழுது, எனக்குப் புரியாவிட்டால் டீச்சர் சொல்வார்கள். நேரத்துக்குச் சாப்பிடு.

நீயும் உன் உடம்பும் ஒரு குறையும் இல்லாமல் நெடுங்காலம் இருக்க நமணசமுத்திரத்து ஐயனாரிடம் வேண்டிக்கொண்டேன், உன் ஆத்தா திருநீறு மடித்து உள்ளே வைத்திருக்கிறாள். சிவப்பு மைப் புட்டியை யாருக்காவது கொடுத்துவிடு. இனி நாகராசு படிக்கமாட்டான், நான்தான் படிப்பேன், ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் ஆகும். ஆகட்டும். வேகம் குறைந்தால் தடையில்லாமல் வந்து சேரும் என்று நீதானே எழுதியிருக்கிறாய்.

உன் அப்பா
சி. பெரியகருப்பன்
(கைநாட்டு இல்லை, கையெழுத்து)