நகர மண்டபத்துச் சுவரில் அம்ப்ரோஸ்

பிரெஸ்டன்,
ஏப்ரல் 1917, ஞாயிறு மாலை

என் அன்பு அம்ப்ரோஸுக்கு,

நானும் அத்தையும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே எழுதுகிறேன். உருளைக்கிழங்குக்கு இன்னும் வரிசைதான். ஆலையில் என் தறி மறுபடி முரண்டு பிடிக்கிறது.

நேற்று உன்னைப் பார்த்தோம். பதறாதே, சொல்கிறேன். போர்முனையில் எடுத்த புகைப்படங்களை நகர மண்டபத்தில் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் நம் வீட்டு முன்சுவரைவிடப் பெரிது. பீரங்கிச் சக்கரத்தின் ஆணி, குதிரை மூக்கிலிருந்து வரும் ஆவி, பூட்ஸில் பிய்ந்த தையல், எல்லாம் தெரிகிறது. அத்தனை கூட்டத்தில் ஒரு சத்தம் இல்லை. ஆண்கள் தேவாலயத்துக்குள் வந்ததுபோலத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள்.

கடைசிச் சுவரில் நீ. முழங்கால் வரை சேறு, மார்பில் நச்சுப்புகை முகமூடிப் பை, தோளில் இயந்திரத் துப்பாக்கி. என் தலை உன் இடுப்பைக்கூட எட்டவில்லை. உன் இமையில் காய்ந்திருந்த மண்ணைப் பார்த்தேன். மலையைப் பார்ப்பதுபோல அண்ணாந்தே நின்றேன். பயமும் பெருமையும் சேர்ந்தே வந்தன. சண்டைக்கு ரொம்பப் பின்னால், சமையல் வண்டியில் சூப் கிண்டுகிறேன் என்றுதானே இத்தனை நாளும் எழுதினாய்?

அத்தை என் கையை இழுத்தார். "தோள்ல என்னடி வச்சிருக்கான்?" என்றார். அவருக்குத்தான் கண் மங்கலாயிற்றே என்ற தைரியத்தில், "அடுப்புக் குழாய் அத்தை, சமையல் வண்டியோடது" என்றேன். மார்பில் என்ன பை என்று கேட்டார். உப்பும் மிளகும் என்றேன். கிட்டப் போய் உன் பூட்ஸைத் தொட்டார். தடுக்க வந்த காவலர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டார்.

டிராமிலிருந்து இறங்கிய பிறகுதான் சொன்னார்: "கண்ணுதான்டி மங்கல். துப்பாக்கி எது, அடுப்புக் குழாய் எதுன்னு தெரியாத அளவுக்குப் போயிடலை. அவன்கிட்ட மூச்சு விடாதே. அம்மா நிம்மதியா இருக்கான்னு நினைச்சாத்தான் அவனுக்கு அங்க தூக்கம் வரும்."

இதோ, உன்னிடம் மூச்சு விட்டுவிட்டேன். அத்தைக்கு எழுதும்போது சூப்பைப் பற்றியே எழுது. நான் வாசிப்பேன், அவரும் நம்பியதுபோலச் சிரிப்பார். எனக்கு மட்டும் உள்ளதை எழுது, அம்ப்ரோஸ். உன்னைச் சுவர் அளவுக்குப் பார்த்தவள் நான், தாங்குவேன்.

அந்தப் படத்தில் நிற்கிறபடியே, முழுசாக, நம் வாசலில் உன்னை ஆண்டவர் கொண்டுவந்து நிறுத்தட்டும்.

உன்
வினிஃப்ரெட்