சத்தம் குறைத்த எஞ்சின்

மாசி 10, செவ்வாய்

வாடைக்காற்று இன்னும் விடவில்லை. சீனி வருத்தக் குளிசை முடியப் போகிறது, ஆஸ்பத்திரியில் எடுக்க வேண்டும். சைக்கிள் பின் டயர் மொட்டை.

பின்னேரம் அறுவடை முடிந்த வயலில் விமானம் விட்டேன். கனடாவில் இருந்து தம்பி அனுப்பிய, ரிமோட்டில் பறக்கும் விளையாட்டு விமானம். ஆனால் எண்ணெயில் ஓடும் உண்மையான எஞ்சின். இரண்டு சுற்று, அருமை.

திரும்பி வந்தால் வீடு திறந்தபடி. அடுப்பில் சோறு கரி. என் மனுசி தவம் கட்டிலுக்குக் கீழே. கூப்பிட்டும் வெளியே வரவில்லை.

சண்டை நேரம் வன்னியில் வேவு விமானத்தை 'வண்டு' என்பார்கள். அது இரைந்து சுற்றிவிட்டுப் போனால் ஷெல் வரும். அப்படி வந்த ஒன்றில்தான் அவளுடைய தங்கச்சி போனது. எனக்கு எல்லாம் தெரியும். வயல் தூரம்தானே, கேட்காது என்று நினைத்தேன்.

"இன்னொருக்கா அந்தச் சத்தம் கேட்டா நான் புளியங்கூடலுக்கு, அக்கா வீட்டை போயிடுவன்." சொன்னது அவ்வளவுதான். சொன்னால் செய்வாள்.

மாசி 11, புதன்

விடிய எழும்பியதில் இருந்து எரிச்சல். சீனி வருத்தத்தில் கால்விரல் எடுத்து, வேலையும் விட்ட பிறகு எனக்கென்று இருப்பது இந்த ஒன்று. அதையும் விடு என்றால்? அவள் போகவும் கூடாது. விமானமும் வேண்டும்.

ஊர்காவற்றுறைக்குப் போய்ச் சூசையைப் பிடித்தேன். படகு எஞ்சின் திருத்துகிறவன்.

"சைலன்சரைப் பெருப்பியுங்கோ அண்ணை. புகையை நேரை விடாதேங்கோ, சுத்தி வளைச்சு விடுங்கோ. சத்தம் உள்ளுக்கையே செத்துப்போம்."

தேவை: பழைய அலுமினிய டோர்ச். சட்டி தேய்க்கும் கம்பித் தும்பு. சூடு தாங்கும் பசை. (குளிசை மறந்து போனேன்.)

மாசி 13, வெள்ளி

டோர்ச்சை அறுத்துச் சைலன்சரின் வாலில் பொருத்தினேன். உள்ளே துளை போட்ட குழாய், சுற்றிவரத் தும்பு. அறுக்கும்போது தவம் தேத்தண்ணியோடு வந்தாள்.

"உது என்ன?"

"உமக்காகத்தான் செய்யிறன். இனிக் கேக்காது."

"ம்."

ஓட்டிப் பார்த்தது சூசையின் பட்டறையில். முதல் தரம் மூச்சுத் திணறி நின்றது. புகை போக இடம் காணாமல் கொதிசூடு. துளைகளைப் பெரிதாக்கினேன். பிறகும் கத்தல். பார்த்தால் அது விமானத்தின் முன் விசிறியின் கத்தல். பெரிய விசிறி போட்டேன், மெதுவாகச் சுற்றும். இப்போது தையல் மெசின் அளவுதான்.

"அண்ணை, கெட்டிக்காரன்தான்!" சூசை. சும்மா சொல்லக் கூடாது, எனக்கும் சந்தோசத்தில் ஒரே புளுகம்.

மாசி 15, ஞாயிறு

விட்டேன். நூறு அடி போனதும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் புளுகத்தில் வீட்டுக்கு மேலாக ஒரு சுற்று. அவளுக்குக் கேட்காது என்று எனக்கே காட்டிக்கொள்ள. மடையன் நான்.

அவள் முற்றத்தில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். நிழல் மேலே விழ நிமிர்ந்து பார்த்திருக்கிறாள். அலறல் வயல் வரைக்கும் வந்தது.

ஓடி வந்தேன், நொண்டி நொண்டி. ஈரச் சீலைக்குள் சுருண்டு கிடந்தாள். பொழுதுபடத்தான் வாய் திறந்தாள்.

"சத்தம் கேட்டா ஓடிப்போய்ப் படுக்கலாம். எங்கை நிக்குதெண்டாவது தெரியும். தங்கச்சிக்கு வந்த ஷெல் ஒரு வண்டுச் சத்தமும் இல்லாமல்தான் வந்தது."

பதினைந்து வருசத்துக்கு மேல் ஒரே வீட்டில். இதை இன்றைக்குத்தான் சொன்னாள்.

மாசி 16, திங்கள்

அவள் பார்க்க விமானத்தைக் கோடாலியால் கொத்தினேன். எஞ்சின் சூசையிடம், சைலன்சரோடு. திருப்பித் தர வேண்டாம் என்று சொல்லியாயிற்று.

"பாரும், இனி ஒண்டும் இல்லை."

"ஓம்."

மாசி 18, புதன்

நல்ல வெயில். காற்று விழுந்துவிட்டது. தவம் புளியங்கூடலுக்குப் போகவில்லை. சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி. குளிசை எடுத்தாயிற்று.

தோய்த்த உடுப்பு வாளியில் அப்படியே. முற்றத்துக்கு இறங்குகிறாள் இல்லை. குசினி வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தபடி.

"என்ன பாக்கிறீர்? மேலை ஒண்டும் இல்லையே."

"சத்தம் ஒண்டும் கேக்கேல்லை" என்றாள்.

உடுப்பை நான் காயப் போட்டேன்.