பூண்டுத் தாளும் வெள்ளை நூலும்

1961 மார்ச் 9

ஊற்றில் குடத்தை வைக்கவில்லை, அதற்குள் பொன்னுவேல் மாமா ஊர் கேட்கச் சொல்கிறார்: "அழுகின முட்ட மாதிரி நாறுது. எல்லாம் இப்ராம்சா பாய் பூண்டுக் கொட்டகையாலதான்." என் அத்தா பூண்டு வியாபாரி என்றால் பூண்டி ஊரின் நாற்றமெல்லாம் அவர் தலையிலா? வாய்க்காலில் வெள்ளை நூலாக ஆடுகிறதே, அது கந்தகத்தைத் தின்று வாழும் நுண்ணுயிர். மதுரையில் கல்லூரியில் படம் வரைந்து படித்தேன். பாறைக்கு அடியிலிருந்து நாற்றம் வருகிறது, அதனால் அது வளர்கிறது என்றேன்.

"நெசம்னா காட்டு தாயி. இல்லேன்னா திருவிழாவுக்குப் போடுற ஊர்க் கூட்டத்துல கொட்டகையப் பிரிக்கச் சொல்லிருவோம்."

காட்டுகிறேன்.

மார்ச் 11

இரண்டு கண்ணாடி சீசா. இரண்டிலும் ஊற்றுக்கு மேலே பாறை இடுக்கில் அள்ளிய சேறும் தண்ணீரும். ஒன்றில் மட்டும் கொட்டகையில் அறுத்துப் போட்ட பூண்டுத் தாளை, அதாவது தண்டையும் இலையையும், நறுக்கிப் போட்டேன். பாறைதான் காரணம் என்றால் இரண்டும் நாற வேண்டும். வெயில் படும் ஜன்னலில் வைத்தாயிற்று. அத்தா அதற்குள் கடைக்கு வருகிறவரிடமெல்லாம் பெருமை பேசுகிறார்.

மார்ச் 27

திருவிழாவுக்கு ஊற்றைச் சுத்தம் செய்கிறார்களாம். வெள்ளையை அழுக்கு என்று நினைத்து விளக்குமாறால் சுரண்டி எறிந்தார்கள். இப்போது நாற்றம் இரட்டிப்பு. பக்கத்து வீட்டு வள்ளியக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு வெறுங்குடத்தோடு திரும்புகிறாள். நாற்றத்தைத் தின்றுகொண்டிருந்ததை எறிந்துவிட்டு எங்களை முறைக்கிறார்கள். மடையர்கள்.

ஏப்ரல் 10

தாள் போட்ட சீசா கருத்துவிட்டது. திறந்தேன். அதே ஊற்று நாற்றம். சேற்றின் மேல் வெள்ளைப் படலம்.

மற்றது வெறும் மண்வாசனை. இரண்டையும் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது.

ஏப்ரல் 11

கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். நான் சேறு அள்ளிய இடுக்குக்குக் கீழே, ஊற்றுக்கு நேர் மேலே பள்ளம், அது நிறைய அழுகிய தாள். சீசா இரண்டையும் காட்டி அத்தாவைக் கேட்டேன்.

"எங்க அத்தா காலத்துலருந்து அங்கதானம்மா கொட்டுறோம். மக்கி மண்ணாப் போயிரும்." சீசாவை மோந்து பார்த்துவிட்டு, "கூட்டத்துக்கு நாறாத சீசா வேணாம். நாறுறத மட்டும் கொண்டு போ. ஊற்றுச் சேறு இப்படித்தான்னு சொல்லிரு."

சொல்லிவிடணுமாம்! "என்னப் படிக்க வச்சது எதுக்கு அத்தா? பொய்ச் சாட்சி சொல்லவா?" கத்திவிட்டேன். இவருக்காக ஊரையே திட்டினேனே, எனக்கென்ன கேடு?

ஏப்ரல் 14

ஊர்க் கூட்டத்துக்கு இரண்டு சீசாவையும் கொண்டுபோய் உள்ளதைச் சொன்னேன். பொன்னுவேல் மாமா சிரித்தார். "சிரிக்காதீங்க மாமா. வெள்ளையச் சுரண்டினது நீங்க. திருடனை விட்டுட்டுக் காவக்காரனை அடிச்ச கதை" என்றேன். சிரிப்பு நின்றது. கொட்டகை இருக்கலாம், பள்ளத்தைத் தோண்டிச் சுத்தம் செய்து தாளை வேறு இடத்தில் கொட்ட வேண்டும் என்று முடிவு. அத்தா அதைக் கேட்க இருக்கவில்லை, முன்பே எழுந்து போய்விட்டார்.

மே 2

அத்தா என்னோடு பேசுவதில்லை. நானும் பேசவில்லை. பேசப்போவதும் இல்லை.

ஜூன் 23

பள்ளத்தைச் சுத்தம் செய்தபின் வாய்க்காலில் வெள்ளை நூல் ஒன்றுகூட இல்லை. தின்ன எதுவும் இல்லாமல் போய்விட்டது. வள்ளியக்கா காலையில் இரண்டு குடம் நிறைத்துக்கொண்டு போனாள்.

மதியம் அத்தா ஈரக் காலோடு அடுப்பங்கரை வாசலில் நின்றார். கையில் வாழை இலைப் பொட்டலம். என்னைப் பார்க்காமல் நீட்டினார்.

"இப்பத் தாள் கொட்டுற புதுக் குழிக்குக் கீழ எடுத்த சேறு. சீசாவுல போட்டு வெரசா பாத்துச் சொல்லு."

"வெரசா ஆகாது அத்தா. வெயில் அடிக்கணும்."

சீசாவைக் கழுவிச் சேற்றைப் போட்டு ஜன்னலில் வைத்தேன். வெளியே மழை.