நாலாவது பாட்டில் வந்த குரல்

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டிவலி குறைந்ததா? நான் சௌக்கியம்.

நேற்று ஒரு கூத்து, பயப்படாதே. சலவைக்கூடத்தில் என்னோடு துணி மடிக்கும் தாடிக்காரர், ஒரு ராக் ஆல்பத்தைக் கேட்கச் சொல்லி ஹெட்போனை மாட்டிவிட்டார். முதலில் தகர டப்பாவை உருட்டுவது போலிருந்தது; சிரித்தேன். நாலாவது பாட்டில் கிடார், டிரம்ஸ் எல்லாம் சட்டென்று நின்று, பாடகன் தனியாகக் கதறினான். அப்பா போன அன்று போனில் நீ கதறினாயே, அதே குரல்! விறைத்துப்போய் ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஷாக் அடித்துவிட்டதென்று சூப்பர்வைசர் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டார். அப்பா காரியத்துக்கு வர லீவு கிடைக்காமல் அன்று கல்லாட்டம் நின்றவன், நேற்று எல்லார் முன்னாலும் தேம்பினேன்.

"எனக்கும் இந்த இடத்துலதான்பா அழுகை பீறிட்டுச்சு," என்றார் தாடிக்காரர்.

பனியன் இரண்டு அனுப்பு. அப்பா கடைசியாக என்னைக் கேட்டாரா? இத்தனை மாதம் கேட்கப் பயந்தேன். எழுதும்மா. மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் பெரியவன்