பட்டியலின் கீழ் வரிசை

அன்புள்ள மகளுக்கு,

உன் திருமணத்துக்கு நான் ஏன் வரவில்லை என்பதை இப்போது எழுதப்போவதில்லை. வேறொன்று சொல்ல வேண்டும்.

அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் அரசர் பக்கம் நின்று, தோற்றபின் நியூயார்க்கிலிருந்து கப்பலேறி இங்கே கனடாவின் ஷெல்பர்னில் இறங்கிய வெள்ளைக்காரக் கேப்டனின் வம்சம் நாம் என்று சான்றிதழ் வாங்க வாரிசுச் சங்கத்துக்கு விண்ணப்பிக்க இருந்தேன். ஆதாரத்துக்காக ஆவணக் காப்பகம் போனேன். அங்கே வேலை பார்க்கும் ஒடெஸா, உன் கணவரைப் போலவே கறுப்பினத்தவர், அப்படி வந்திறங்கியவர்களுக்கு அரசு உணவு வழங்கிய 1784ஆம் வருட ரேஷன் பட்டியலை விரித்தார்.

“நீங்க எழுதிக் கொண்டுவந்த வம்சாவளிப்படி, உங்க வம்சத்துக்கே தாய் கேப்டனோட மருமக டார்கஸ்தானே? கேப்டனோட சொந்தக்காரங்க வரிசையில ஏன் தேடுறீங்க? கீழ பாருங்க.”

“அது வேலைக்காரங்க வரிசை.”

“அடிமைன்னு எழுதக் கூச்சம் அவங்களுக்கு. ரெண்டு வேலைக்காரங்களோட வந்த குடும்பம்னு ஊரெல்லாம் பெருமை பேசுவீங்களே மேடம், அதுல ஒருத்தங்கதான் இவங்க.”

டார்கஸ், கறுப்பினச் சிறுமி, வயது பதினொன்று. முதல் பனிக்காலத்தைக் கூடாரத்தில் கழித்திருக்கிறாள். பின்னாளில் கேப்டனின் இளைய மகனை மணந்து ஒன்பது பிள்ளைகளைப் பெற்றிருக்கிறாள். திருமணப் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு சிலுவைக் குறி. மை இன்னும் மங்கவில்லை. அதைத் தொட எனக்குத் துணிவு வரவில்லை. என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன்.

“உக்காருங்க மேடம். இத்தனை வருஷம் இருந்தவங்க, எங்கயும் போயிட மாட்டாங்க.”

விண்ணப்பத்தில் கேப்டன் பெயரை அடித்து, அவள் பெயரை எழுதி அனுப்பிவிட்டேன்.

ஞாயிறன்று உன் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அழைப்பு வராதது நியாயம்தான். உன் கணவர் சம்மதித்தால் வருகிறேன். கடைசி பெஞ்சு போதும்.

உன் அம்மா