கப்பலேறாத பணம்

1930 பிப்ரவரி 8, சனி
ஆம்பூர்

தபால்காரர் எங்கள் தெருவில் நுழைந்தால் மூத்தாருக்கு எப்படித்தான் மூக்கில் வேர்க்குமோ. ரங்கூனிலிருந்து இவர் அனுப்பிய மணியார்டரில் நான் கையெழுத்துப் போட்டு முடிக்கவில்லை, வாசலில் செருப்புச் சத்தம். "தம்பி பணம் வந்துச்சாமே மரியா." ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டுதான் போனார். தபால்காரருக்குக் காப்பிச் செலவு. அங்கே தபாலாபீசில் கமிஷன் வேறு. அரிசி மில்லில் கணக்கெழுதி, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இவர் மிச்சம் பிடிக்கிற பணம் என் கைக்கு வருவதற்குள் எத்தனை பேர் ருசி பார்க்கிறார்கள்.

என் வாத்தியாரம்மா சம்பளம் எனக்கும் மகளுக்கும் சோற்றுக்குச் சரி. மழைக்கு முன் கூரையைப் பிரித்துவிட்டு ஓடு போட்டாக வேண்டும். எதைக்கொண்டு?

பிப்ரவரி 21

இவரிடமிருந்து கடிதம். இனி மணியார்டர் வராதாம். ரங்கூனில் ஜான் பாஷா என்று ஒருவர். நம் ஊர் ஹலீமா பீயின் மகன். அங்கே மாட்டுத் தோல் வாங்கி, பாலாற்றங்கரையில் இருக்கும் அவர்கள் தோல் பதனிடும் கிடங்குக்கு அனுப்புகிறவர். நம் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் அவரிடம்தான் கொடுக்கிறார்களாம். நான் கிடங்குக்குப் போய், கணக்குப் பார்க்கும் முன்ஷி அப்துல் வஹீதைப் பார்த்து "புளியம்பூ" என்று சொல்ல வேண்டுமாம். பணம் தருவாராம். ரசீது கிடையாது.

மூன்று தடவை படித்தேன். இவருக்கு என்ன ஆயிற்று? படித்த மனுஷன். மாசச் சம்பளத்தை ஒரு பூவின் பேரை நம்பி யாராவது கொடுப்பார்களா?

மார்ச் 10

ரம்ஜான் முடியட்டும் என்று காத்திருந்து இன்று போய் வந்தேன்.

ஆம்பூரிலேயே பிறந்தவள், ஆனாலும் தோல் கிடங்குக்குள் கால் வைத்தது இதுவே முதல் தடவை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போகிற இடம். உள்ளே வேறு உலகமாக இருக்கிறது. தரையில் வரிசையாகக் குழிகள், ஆவாரம்பட்டைத் தண்ணீர் கஷாயம் மாதிரி சிவந்து நிற்கிறது. ஆட்கள் இடுப்பளவுக்கு இறங்கித் தோலைப் புரட்டுகிறார்கள். பதமான தோல்கள் கொட்டகை நிழலில் தேன் நிறத்தில் தொங்குகின்றன. காற்றடித்தால் எல்லாம் ஒன்றாக அசைகின்றன. ஆலயத்தில் ஜெபத்துக்கு எழுந்து நிற்பதுபோல ஒரு நிமிஷம் நின்றுவிட்டேன்.

முன்ஷி வயதானவர், அதிகம் பேசாதவர். பெயர் கேட்டார், சொல் கேட்டார். "புளியம்பூ" என்றேன். குழந்தைகள் கண்ணாமூச்சி ஆடுவது போல வெட்கமாக இருந்தது. பெட்டியைத் திறந்து முப்பது ரூபாயை எடுத்து வைத்தார். முழு முப்பது. கமிஷன் எவ்வளவு பிடித்தீர்கள் என்றேன். ஒன்றும் இல்லை என்றார். அதெப்படி, இவ்வளவு தூரத்திலிருந்து சும்மாவா கொண்டு வருவீர்கள் என்றேன்.

அப்போதுதான் அவர் சிரித்தார். "யாரும்மா கொண்டாந்தது? அங்க தோல் வாங்க எங்களுக்கு ரூபா வேணும். இங்கருந்து பாங்கி வழியா அனுப்புனா செலவு ஜாஸ்தி. உங்க வூட்டுக்காரர் ரூபா அங்கயே தோல் வாங்கிடுச்சு. எங்க ரூபா இங்கயே உங்க கைக்கு வந்துடுச்சு. கடல்ல ஒரு காசு போவல, ஒரு காசு வரல."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கடலில் ஒரு காசு போகவில்லை.

மார்ச் 12

வகுப்பில் பர்மா படத்தைச் சுவரில் மாட்டினேன். ரங்கூனிலிருந்து சென்னைப் பட்டணம் வரைக்கும் நீலமாகக் கிடக்கிற கடலைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது என் விரல் அதன் நடுவிலேயே நின்றுவிட்டது. இந்தப் பக்கம் ஒரு முன்ஷி, அந்தப் பக்கம் ஹலீமா பீயின் பையன். நடுவே இவ்வளவு தண்ணீர். அதன் மேல் ஒரே ஒரு வார்த்தை நடந்து வருகிறது. பேதுரு தண்ணீர்மேல் நடந்ததைப் பாடம் எடுத்திருக்கிறேன், எத்தனையோ தடவை. அவரும் சந்தேகப்பட்ட நிமிஷத்தில்தானே அமிழ்ந்தார்.

ஏப்ரல் 14

கிடங்கில் குர்ஷித் என்ற பெண்ணைப் பார்த்தேன். பேரணாம்பட்டு, பீடி சுற்றுகிறவள். புருஷன் ஷபீ அஹமது ரங்கூன் துறைமுகத்தில் கைவண்டி இழுக்கிறார். அவருக்கு எழுதத் தெரியாது, இவளுக்குப் படிக்கத் தெரியாது. ஊருக்கு வருகிற யாரிடமாவது சொல்லி அனுப்புவாராம். "மணியார்டர்னா ஃபாரம் எழுதறவனுக்கும் அழுவணும் டீச்சரம்மா. இங்க அந்த பேஜார் இல்ல" என்றாள்.

மூத்தாருக்கு இன்னும் விஷயம் தெரியாது! தபால்காரர் வராததால், தம்பி கைவிட்டுவிட்டான் என்று என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார்.

மே 8

பர்மாவில் பூகம்பம் என்று பேப்பரில் வந்திருக்கிறது. பெகு என்ற ஊர் தரைமட்டமாம். ரங்கூனிலும் கட்டடங்கள் விழுந்திருக்கின்றன. ஆண்டவரே.

மே 15

கடிதம் வந்தது. சுகம். மில்லில் ஒரு சுவர் விழுந்ததோடு போயிற்று. எழுத்துகூட நடுங்கவில்லை, கணக்குப்பிள்ளை எழுத்து.

பக்ரீத் முடிந்த வாரம். தெரு முழுக்கத் தோல் வண்டிகள். இந்த முறை நான் மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை.

மே 29

ரங்கூனில் கலவரம். துறைமுகத்தில் ஆரம்பித்து ஊரெல்லாம் பரவி, நம் நாட்டு ஆட்களைத் தேடித் தேடி அடிக்கிறார்களாம். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பாடம் எடுத்தேன். என்ன பாடம் என்று இப்போது நினைவில்லை.

மே 31

இவர் கடிதம்! பிரித்ததும் தேதியைத்தான் பார்த்தேன். மே 22. கலவரத்துக்கு முந்திப் போட்டது. கூரை ஓட்டுக்காகச் சேர்த்த நாற்பது ரூபாயை ஜான் பாஷாவிடம் கொடுத்துவிட்டேன், சனிக்கிழமை சம்பளம் வந்ததும் இன்னும் இருபது கொடுப்பேன் என்று எழுதியிருக்கிறார். ஓடாம் ஓடு. நீங்க இருக்கீங்களா, அத சொல்லுங்க முதல்ல.

ஜூன் 1

ஜான் பாஷா இறந்துவிட்டார். கிடங்குக்குத் தந்தி வந்திருக்கிறது. அவர் கடை கொள்ளை போய், எரிந்தும் போயிற்றாம். ஹலீமா பீக்கு ஒரே பிள்ளை. புருஷனும் இல்லை.

இவரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

ஜூன் 4

மூத்தார் வந்தார். தம்பியை நினைத்து அழுதார். நிஜமாகத்தான் அழுதார். கிடங்கு விஷயம் எப்படியோ அவர் காதுக்கும் எட்டிவிட்டது. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற விவரம் கடையோடு எரிந்துவிட்டதாம், ஹலீமா பீயம்மா வெள்ளிக்கிழமை எல்லாரையும் வரச் சொல்லியிருக்கிறதாம் என்றார். "நூறுன்னு சொல்லு மரியா. யாருக்குத் தெரியப் போவுது? நாளைக்கு நீ தனி ஆளா நின்னா என்னா பண்ணுவ?"

தனி ஆளா. அந்த வார்த்தை மட்டும் வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது.

ஜூன் 6, வெள்ளி

எல்லாவற்றையும் எழுத வேண்டும். ஒன்றையும் மறக்கக் கூடாது.

ஜும்ஆ தொழுகை முடிந்த பிறகு போனோம். கிடங்கை ஒட்டிய வீட்டு முற்றத்தில் பெண்கள் நிறைந்திருந்தோம். எதிரே ஒரு வாசல், அதில் பச்சைத் திரை. அதற்குப் பின்னால் ஹலீமா பீ. பக்கத்தில் முன்ஷி, பெட்டியோடு. லண்டனில் தோல் விலை சரிந்து இரண்டு கிடங்குகள் மூடிவிட்டன, இவர்களும் மூடிவிடுவார்கள் என்றுதான் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார்கள்.

முதலில் குர்ஷித் எழுந்தாள். கையில் கடிதம் கிடையாது. இந்த மாசத்துப் பணத்தைக் கொடுத்துட்டேன் என்று புருஷன் சொல்லியனுப்பிய வாய் வார்த்தை மட்டும்தான். எவ்வளவு என்று திரைக்குள்ளிருந்து குரல். பதினெட்டு என்றாள். "குடுங்க முன்ஷி." அவ்வளவுதான். சத்தியம் கேட்கவில்லை, சாட்சி கேட்கவில்லை. ஒவ்வொருத்திக்கும் அதே கேள்வி, அதே இரண்டு வார்த்தை.

குடியாத்தத்து நெசவுக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி, பங்கஜம் என்று பேர், தன் முறை வந்தும் பணம் கேட்காமல் நின்றுகொண்டிருந்தாள். என்ன என்று முன்ஷி கேட்டார். தன் வீட்டுக்காரர் இந்த மாசம் ஒன்றும் கொடுக்கவில்லை என்று தெரியும், அதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன் என்றாள். தன் பேரைச் சொல்லி வேறு யாரும் வாங்கிவிடக் கூடாதாம். பஸ்ஸுக்குக் காசு செலவழித்து, ஒன்றும் வாங்காமல் போவதற்காக வந்திருக்கிறாள்! முற்றமே அவளைத் திரும்பிப் பார்த்தது.

என் முறை வந்தது. நாற்பது கொடுத்ததாகக் கடிதம் இருக்கிறது, இன்னும் இருபது சனிக்கிழமை கொடுப்பதாக எழுதியிருந்தார், கொடுத்தாரா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் அவரைப் பற்றித் தகவல் இல்லை என்றேன்.

திரைக்குள்ளிருந்து, "அறுவதாவே குடுங்க" என்றார்.

வேண்டாம் பீபியம்மா, தெரியாத பணம் என்றேன்.

"கேளு பேட்டி. உன் புருஷன் குடுத்திருந்து, நான் குடுக்காம போனா, அந்தக் கடன் என் மகன் கழுத்துல. அவர் குடுக்காம இருந்து, நான் குடுத்துட்டா, யார் கழுத்துலயும் ஒண்ணும் இல்ல. வாங்கிக்க."

மகன் செத்த செய்தி வந்து ஆறு நாள்கூட ஆகாத தாய், என்னைப் பேட்டி, மகளே என்கிறார். வாங்கிக்கொண்டேன். வெளியே வந்து ஆற்று மணலில் உட்கார்ந்தேன். எதற்கு அழுதேன்? இவருக்காகவா, அந்தம்மாவுக்காகவா? மனுஷர் இவ்வளவு பெரியவர்களாக இருக்க முடியுமா என்றா?

ஜூன் 9

கடிதம் இல்லை.

ஜூன் 13

உயிரோடு இருக்கிறார். உயிரோடு இருக்கிறார். உயிரோடு இருக்கிறார்.

ஜூன் 14

நேற்று ஒரு வரிக்கு மேல் எழுத முடியவில்லை. நாலு பக்கக் கடிதம். மில்லிலேயே பூட்டிக்கொண்டு இருந்து பிழைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை சம்பளம் போடவில்லையாம், அதனால் அந்த இருபதைக் கொடுக்கவில்லை. மீதிப் பக்கமெல்லாம் ஜான் பாஷாவைப் பற்றி.

இருபது ரூபாயையும் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். முன்ஷியிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு, கடிதத்தில் மகனைப் பற்றி எழுதியிருக்கிறது என்று பீபியம்மாவிடம் சொல்லுங்கள் என்றேன். உள்ளே கூப்பிட்டார்கள். திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து படித்தேன்.

கலவரம் வந்ததும் துறைமுகக் கூலிகள் அவர் தோல் கிடங்குப் பக்கம் ஓடி வந்திருக்கிறார்கள். ஜான் பாஷா கதவைத் திறந்துவிட்டு, கடைசி ஆள் உள்ளே வரும் வரை வாசலில் நின்றாராம். அப்போதுதான் தலையில் அடி. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார்; மில்லிலிருந்து வெளியே வர முடிந்ததும் இவர் அங்கே தேடிப் போயிருக்கிறார். அவருக்கு இங்கே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டபோது, நான் ஊர்க்காரன் என்று சொல்லி இவர் பக்கத்தில் இருந்திருக்கிறார். அடக்கம் செய்யும்போது, "அவர்கள் மூன்று பிடி மண் போட்டார்கள். நானும் போட்டேன். யாரும் தடுக்கவில்லை" என்று எழுதியிருக்கிறார்.

படித்து முடித்தேன். உள்ளேயிருந்து ஒரே ஒரு கேள்வி.

"மூடுறதுக்கு முன்ன, அவன் முகத்த உன் புருஷன் பார்த்தாரா?"

பார்த்ததாக எழுதியிருக்கிறார் பீபியம்மா, தூங்குகிற மாதிரி இருந்ததாம் என்றேன்.

திரை விலகியது. என் வயதைவிடப் பத்துப் பதினைந்துதான் கூட இருக்கும். குள்ளமான, சாதாரண அம்மா. இந்தக் கைகளா அந்தப் பெட்டியைக் காலி செய்தன? கடிதத்தை வாங்கி, அவருக்குப் படிக்கத் தெரியாத தமிழ் எழுத்துகளை விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே இருந்தார். கடிதத்தை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன்.

ஜூலை 3

முன்ஷி வீட்டுக்கு வந்தார். மூத்தாரும் இருந்தார். கிடங்கை மூடவில்லையாம். பீபியம்மா தன் நகைகளை அடகு வைத்து ஒரு பகுதியை நடத்துகிறார். ரங்கூனில் தோல் வாங்க பீபியம்மாவின் மச்சான் பையன் ஒருவன் போகிறான், ஆனால் ஊர் ஜனங்களின் பணத்தை வாங்கி எழுதுவதற்கு என் வீட்டுக்காரர் ஒப்புக்கொள்வாரா என்று கேட்டு எழுதச் சொன்னார்.

மூத்தார் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "நம்ம ஞானமுத்துவயா? அவனுக்கு யார் ஜாமீன்?"

"பீபியம்மா யார் ஜாமீனும் கேக்கல" என்றார் முன்ஷி.

ஜூலை 29

சரி என்று எழுதிவிட்டார். மில் வேலை முடிந்து சாயங்காலம் செய்கிறாராம். முதல் நாள் ஒரு மூட்டை தூக்குகிறவர் வந்து, கசங்கிய நோட்டுகளை இவர் கையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாராம். "எனக்குக் கை நடுங்கியது மரியா" என்று எழுதியிருக்கிறார். பூகம்பத்துக்கு நடுங்காத கை.

செப்டம்பர் 20

குர்ஷித் பஸ்ஸுக்கு நேரமிருக்கிறது என்று வீட்டுக்கு வந்தாள். பணம் வாங்கியாயிற்று, முந்தானையில் முடிந்திருந்தாள். காப்பி கொடுத்தேன். கலவரத்துக்குப் பிறகு புருஷன் ஊருக்கே வந்துவிடுவார் என்று நினைத்தாளாம். அங்கேயே இருக்கிறேன், கொடுக்கிறதுக்கு ஆள் இருக்கிறது என்று சொல்லியனுப்பினாராம்.

"உங்களுக்கு வந்துச்சா டீச்சரம்மா?" என்றாள்.

இன்னும் இல்லை. மற்றவர்கள் பணமெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகுதான் தன் பணத்தை முன்ஷிக்கு எழுதுகிறார். இந்த மாசம் எங்களுடையது அடுத்த கப்பல் தபாலுக்குத் தள்ளிப் போயிருக்கிறது.