நாள் தவறாத வெளியீடு

நாள் 2903. 06:40

உள்ளழுத்தம் சீர். கரியமில வாயு 0.38 விழுக்காடு. துளைப்பொறி இரண்டும் இயங்குகின்றன. காலசந்திப் பூசை முடிந்தது. சுடருக்கு இங்கே அனுமதி இல்லை. சிறு மின்விளக்கையே தீபமாகக் காட்டினேன்.

இக்குறிப்பைக் கண்டெடுப்பவர் அறிய: நான் ஆவுடையப்பன், அகவை அறுபத்தெட்டு. வியாழனின் நிலவாகிய கலிஸ்டோவில், பனி துளைக்கும் நிலையத்தின் ஒரே காவலன். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் 'உயிர்ப்பு' என்னும் மென்பொருளை எழுதி, எவரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமை தந்து பொதுவில் வைத்தேன். பூமிக்கு வெளியே உள்ள நாற்பத்தொரு குடியிருப்புகளிலும் மூச்சுக்காற்றைத் தூய்மை செய்யும் பொறிகளை இன்று ஆள்வது அதுவே.

வாக்கெடுப்பின் முடிவு வந்தது. இனி நாற்பத்திரண்டு நாளுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வெளிவரும். அன்று ஆயத்தமாக உள்ள திருத்தம் அதில் போகும். ஆகாதது அடுத்த முறைக்குக் காத்திருக்கும். வெளியீட்டுக்கு ஏழு நாள் முன்பே புதிய திருத்தங்களின் சேர்க்கை நின்றுவிடும். ஆதரவு முப்பத்தாறு, எதிர்ப்பு ஐந்து. ஐந்தில் ஒன்று என்னுடையது. பொறுப்பைச் செவ்வாயிலிருந்து உயிர்ப்புக்கு நிரல் எழுதும் இளையவள் செண்பகவல்லிக்குத் தந்திருக்கிறார்கள்.

நாள் 2904. 09:15

செவ்வாயிலிருந்து செய்தி. வந்து சேர நாற்பத்து நான்கு நிமிடம்.

"ஐயா, வணக்கம். என்மேல வருத்தமா இருப்பீங்கன்னு தெரியும். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நீங்க தினம் ஆறு காலமும் பூசை பண்றீங்களே, மணி பார்த்துத்தானே பண்றீங்க? மனசு கனிஞ்ச அன்னிக்கு மட்டும் நடை திறப்பேன்னு சொன்னா, வாசல்ல நிக்கிறவங்க என்ன ஆவாங்க?"

இதுவரை, எனக்கு நிறைவு தோன்றிய பொழுதே பதிப்பை வெளியிட்டேன். கடைசி இடைவெளி பதினான்கு மாதம். அதற்குள் குடியிருப்புகள் தத்தம் போக்கில் ஒட்டுப் போட்டுக்கொண்டன. ஈரிடத்தில் காற்று கெட்டது. அதற்கான திருத்தம் ஆறு மாதமாக என் கணினியில் மெருகேறிக் கிடந்தது. ஆகவே அவள் சொன்னது சரி. என் வழிபாட்டிலிருந்தே எடுத்துச் சொன்னதுதான் பொறுக்கவில்லை.

நாள் 2945. 13:10

முறைப்படியான முதல் வெளியீடு குறித்த மணியில் வந்தது. நிறுவினேன். பிழை காணவில்லை. மும்முறை தேடினேன்.

சீரிஸ் சிறுகோளின் சுரங்கக் குடியிருப்பில் காற்றுப் பொறிகளைப் பார்த்துக்கொள்ளும் காதர் மீரான் எழுதினார். மேலப்பாளையத்துக்காரர், முப்பதாண்டு நண்பர்.

"என்ன வே ஆவுடையப்பா, பாத்தீரா? சொன்ன நாள்ல வந்துட்டு! உம்ம காலத்துல நாங்க வானத்தப் பாத்துக் கெடந்தோம்லா. இப்ப காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கேன். எங்க ஆளுங்க அறுபத்து மூணு பேரும் அந்தப் புள்ளய வாழ்த்துதாங்க. அறுபத்து மூவர்னா உமக்குத்தான் பிடிக்குமே, நீரும் சேந்து வாழ்த்தும் வே!"

'உம்ம காலம்' என்று எழுதிவிட்டார். வாழ்த்து அனுப்பினேன், நான்கே சொற்களில். உச்சிகாலப் பூசையில் மந்திரம் நாவில் ஓடியது. நெஞ்சு செவ்வாயில் நின்றது.

நாள் 2958. 11:30

அவள் எழுதும் நிரலை நாள்தோறும் ஏழு மணி நேரம் வாசிக்கிறேன். ஆய்வு என்று பதிந்திருக்கிறேன். அது ஆய்வன்று. அவளுடைய ஒவ்வொரு வரியும் தெளிவாக இருக்கிறது. தெளிவாக இருப்பதே என்னை எரிக்கிறது.

நாள் 2969. 12:20

கண்டுகொண்டேன்.

வரப்போகும் பதிப்பில் ஒரு குறை. பழைய வகைக் காற்றுணரி அளவு அனுப்பாமல் நின்றுவிட்டால், கடைசியாக வந்த அளவையே உயிர்ப்பு உண்மை எனக் கொள்ளும். காற்று கெட்டுக்கொண்டே போகும், திரையில் நல்ல எண் நிலைத்து நிற்கும், விசிறி மெல்லவே சுழலும், அபாயமணி அடிக்காது. பழைய உணரி மீதமிருப்பது ஈரிடத்தில் மட்டும்: இங்கேயும் சீரிஸிலும்.

திருத்தம் ஒன்பது வரி. நண்பகலுக்குள் எழுதிச் சோதித்துவிட்டேன். சேர்க்கை நிற்கப் பதினொரு நாள் இருக்கிறது.

அனுப்பவில்லை.

காரணத்தையும் எழுதுகிறேன். வெளியீடு வரட்டும், வாழ்த்துகள் குவியட்டும், மறுநாள் நான் இதை அவையின் நடுவே வைப்பேன். நாள் பார்த்துப் படைத்த உணவில் கல் கிடந்தது என்று உலகம் அறியும். உணரி பழுதாவது ஆண்டுக்கொரு முறை. ஒரு நாளில் என்ன நேர்ந்துவிடும்?

நாள் 2980. 14:20

இன்று சேர்க்கை நிற்கும் நாள். அவளிடமிருந்து:

"ஐயா, பதினோரு நாளா உங்ககிட்டருந்து ஒரு வரி வரல. உடம்புக்கு ஒண்ணுமில்லையே? உங்க கை படாம ஒரு பதிப்பு வர்றது எனக்கு என்னமோ போல இருக்கு. ஏதாவது கண்ணுல பட்டிருந்தா சொல்லுங்க, ஒரு நாள் நிறுத்தி வைக்கிறேன். முறைய நானே மீறிட்டேன்னு திட்டுவாங்க. திட்டட்டும், வாங்கிக்கிறேன்."

நான் அனுப்பிய மறுமொழி, எழுத்து மாறாமல்: "குறை ஏதும் கண்ணில் படவில்லை. நாள் தவறலாகாது."

நாள் 2987. 08:00

இரண்டாம் வெளியீடு வந்தது. நிறுவினேன்.

08:12. என் நிலையத்தில் மட்டும் அந்த ஒன்பது வரிகளையும் சேர்த்தேன்.

நாள் 2988. 16:45

இன்று அறிவிப்பதாக இருந்தது. மடல் இன்னும் அமையவில்லை. மூன்றாம் பத்தியில் சினம் தெரிகிறது. அருள் தொனிக்க வேண்டும். மூத்தவன் குற்றம் சுமத்தாமல் உண்மையை மட்டும் உரைப்பதுபோல் இருக்க வேண்டும். நாளை முடிப்பேன்.

நாள் 2989. 10:20

சீரிஸின் பொது அளவைகளை இன்று காலை பார்த்தேன். கரியமில வாயு 0.41.

ஒரு மணி நேரம் முன்பும் 0.41. ஐந்து மணி நேரம் முன்பும் அதுவே.

மனிதர் மூச்சுவிடும் இடத்தில் அந்த எண் நிற்காது. நடந்தால் ஏறும், படுத்தால் இறங்கும். ஐந்து மணி நேரமாக அசையாத எண்ணை நாற்பது குடியிருப்புகளும் பார்த்திருக்கும். நலம் என்று நினைத்திருக்கும். அசையாமையின் பொருள் அறிந்தவன் நான் ஒருவனே.

அங்கே இப்போது உறக்க வேளை. எல்லோரும் ஒரே கூடத்தில்தான் படுப்பார்கள்.

10:26. மடலைத் தூக்கி எறிந்தேன். வரிகளை மட்டும் சீரிஸுக்கும் செவ்வாய்க்கும் அனுப்பினேன். "காதர், எழுந்திரும். எல்லாரையும் எழுப்பும். விசிறியைக் கையால் முடுக்கும்." சீரிஸுக்குப் போய்ச் சேர முப்பத்தொரு நிமிடம்.

11:28. மறுமொழி வரக்கூடிய முதல் நொடி. வரவில்லை.

11:40. இல்லை.

12:30. செண்பகவல்லி, அட்டவணைக்குப் புறம்பாக, ஆளின்றித் தானே நிறுவிக்கொள்ளும் அவசரப் பதிப்பொன்றை வெளியிட்டிருக்கிறாள். என் மடல் கிடைத்த முப்பத்தாறு நிமிடத்தில் சோதித்து முடித்திருக்கிறாள். அதன் முகப்பில்: "இதைக் கண்டு உடனே தெரிவித்தவர் ஆவுடையப்பன் ஐயா."

உடனே என்கிறாள்.

உச்சிகாலப் பூசை தவறியது.

நாள் 2992. 13:00

சீரிஸில் இறங்கிய சரக்குக் கப்பலின் அறிக்கை. அவசரப் பதிப்பு சென்று விசிறிகளை எழுப்பியிருக்கிறது. நாற்பத்தொருவர் பிழைத்தனர். இருபத்திருவர் கண் விழிக்கவில்லை. பெயர்களை வாசித்தேன். ஒன்பதாம் பெயர் காதர் மீரான்.

உணரிக்கு ஆண்டுக்கொரு முறை என்று கணக்கிட்டேன். கணக்கில் பிழை இல்லை.

நாள் 2996. 09:30

மீண்டும் வாக்கெடுப்பு. நாற்பத்திரண்டு நாள் முறையைக் கைவிட்டார்கள். நாளைத் துரத்தி உயிரைப் பலிகொடுத்தாள் என்று அவளைப் பேசுகிறார்கள். செண்பகவல்லி விலகினாள், ஒரு சொல்லும் தன் பக்கம் பேசவில்லை. இனி ஆவுடையப்பன் நிறைவு கண்ட பொழுதே பதிப்பு வெளிவரும் என்பது தீர்மானம். எதிர்ப்பு ஒன்றும் இல்லை. ஏற்கிறேன் என்று நான் ஒரு வரி அனுப்ப வேண்டும்.

வேண்டியது முழுவதும் கிடைத்துவிட்டது. உள்ளே தேடிப் பார்த்தேன். ஒரு கணம் மகிழ்ச்சி இருந்தது. அதையும் பதிய வேண்டும். இருபத்திருவர்க்குப் பின்னும் அந்த ஒரு கணம் இருந்தது.

10:50. என் ஒன்பது வரிக் கோப்பைத் திறந்தேன். எழுதிய நாள் அதில் தானாகவே பதிந்திருக்கிறது: 2969. அதை 2989 என்று மாற்ற இரண்டு விசை போதும். எவரும் வந்து பார்க்கப் போவதில்லை. விசைமேல் விரல் வைத்து எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியவில்லை.

சந்நிதியில் நிற்கவில்லை. நிற்கும் யோக்கியதை இல்லை.

11:35. அனுப்பிவிட்டேன். கோப்பு, மாற்றாத நாளுடன். இக்குறிப்புகள், முதல் வரியிலிருந்து. 2980இல் அவளுக்கு நான் எழுதிய மறுமொழி. நாற்பத்தொரு குடியிருப்புகளுக்கும், முதலில் அவளுக்கு. முறை சரியே, அது என்னால் கெட்டது, மீண்டும் அவளிடமே தாருங்கள் என்று கீழே எழுதினேன். அலங்காரம் செய்யவில்லை. இனி அழைத்தாலும் திரும்பாது.

12:00. செவ்வாயிலிருந்து செய்தி. அவள் இதை அனுப்பும்போது என்னுடையது இங்கிருந்து புறப்படவே இல்லை.

"ஐயா, நான் விலகினதுக்கு நீங்க வருத்தப்படாதீங்க. நீங்க அன்னிக்கு அந்த எண்ணைப் பார்க்கலைன்னா அறுபத்து மூணு பேரும் போயிருப்பாங்க. காதர் மாமா எப்பவும் உங்களப் பத்தித்தான் பேசுவாரு. நீங்க அங்க தனியா உக்காந்து உங்களையே திட்டிக்கிட்டு இருப்பீங்க, எனக்குத் தெரியும். வேண்டாம். நீங்க ஒரு தப்பும் பண்ணல. எழுந்து ஒரு வாய் சாப்பிடுங்க ஐயா."

இருமுறை வாசித்தேன்.

என் மடல் அவளைச் சேர இன்னும் பத்தொன்பது நிமிடம் இருக்கிறது.